ஆனி, ஆடிக்கு முன் ஃபைபர் வள்ளத்தைக் கரையேற்றி வைப்பது எப்படி? புதிதாக வள்ளம் வாங்கியவர்களுக்கு

இந்த வழிகாட்டி 9.9 எச்.பி. போன்ற சின்ன அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கானது. நீரோடி முதல் கன்னியாகுமரி வரை, துறைமுக மறைவு இல்லாத திறந்த கரையில் தொழில் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலத்துவிட்டால் இந்தக் கரைகளில் வள்ளம் இறக்க முடியாது. வசதி உள்ளவர்கள் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், விழிஞ்ஞம் என்று துறைமுகம் பார்த்துப் போய்விடுவார்கள். போகாதவர்கள் இரண்டு, இரண்டரை மாதம் வள்ளத்தைக் கரையில் வைத்தாக வேண்டும்.

அந்த இரண்டு மாதத்தில்தான் வள்ளம் கெடுகிறது. எஞ்சினுக்குள் தங்கிய உப்பு, வள்ளத்துக்குள் தேங்கிய மழைத்தண்ணீர், தப்பான இடத்தில் ஏற்றியதால் அடிமண் அரித்துப்போவது என்று காரணங்கள் மூன்றே. மூன்றையும் முன்கூட்டியே தடுக்கலாம். பெரிய செலவும் ஆகாது.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அதை நம்பி மே 31 வரை காத்திருக்க வேண்டாம். மழை வருவதற்கு முன்பே கள்ளக்கடல் வந்துவிடும். தெற்கே வெகுதூரத்தில் வீசிய காற்று எழுப்பிய அலை அது. நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் வந்து ஏறும். 2024 மே முதல் வாரத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டது இப்படிப்பட்ட கடல் நாளில்தான். ஆகவே வைகாசி நடுவில், அதாவது மே கடைசி வாரத்துக்குள், வள்ளம் ஏறியிருக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் உயர் அலை எச்சரிக்கையை மே தொடக்கத்திலிருந்தே தினமும் பாருங்கள்.

தடைக்காலத்தைப் பற்றிப் புதியவர்கள் குழம்புவது வழக்கம். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. கன்னியாகுமரி நகருக்குக் கிழக்கே, சின்னமுட்டம் உட்பட, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே நீரோடி வரை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். இவை விசைப்படகுகளுக்கானவை, சின்ன அவுட்போர்டு வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் பொருந்தாது. கேரளத்தில் இழுவைப்படகுகளுக்கான தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாட்கள். விழிஞ்ஞம் பக்கம் தொழிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வெளியூர் வள்ளங்களுக்கு அந்தத் துறைமுகத்தில் என்ன கட்டுப்பாடு என்று போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாருங்கள். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் அந்த நாட்களில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கரை பிடித்தால் இழுக்க வேண்டிய தூரம் சில மீட்டர் குறையும். ஆள் பலத்தால் இழுப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால், தேவாலயப் பூசை முடிந்த பிறகு ஆள் கிடைப்பது எளிது.

2. காகிதங்கள்: வள்ளம் ஏறுவதற்கு முந்தைய வாரம்

கரையேற்றியபின் காகிதம் தேடினால் கிடைக்காது. இவற்றை ஒரே பையில் போட்டு, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்: வள்ளத்தின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், எஞ்சின் வாங்கிய ரசீது, காப்பீட்டுப் பாலிசி, மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம், மானிய மண்ணெண்ணெய் பெர்மிட், வங்கிப் புத்தகம்.

உரிமம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். இடையில் முடிந்தால் இப்போதே புதுப்பியுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.

மீன்வளத் துறை படகுகளை நேரில் வந்து ஆய்வு செய்யும் நாள் பெரும்பாலும் ஓய்வுக்காலத்தில் வரும். அன்று வள்ளம் நீங்கள் பதிவு செய்த கரையிலேயே இருக்க வேண்டும். ஐஎன்டி-டிஎன்-15-எம்ஓ என்று தொடங்கும் பதிவெண் தெளிவாகத் தெரிய வேண்டும். இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். பெயின்ட் அடிக்கலாம் என்று முன்பக்கத்தைத் தேய்த்து எண்ணை அழித்திருப்பார்கள்; மறுநாள் ஆய்வு வரும். எண் இல்லாத வள்ளம் கணக்கில் வராது, மானியம் நிற்கும். ஆய்வு முடியும்வரை பதிவெண் இருக்கும் இரண்டு அடி இடத்தைத் தொடாதீர்கள். வள்ளத்தை வேறு ஊரில் வைக்க வேண்டி வந்தால் மீன்வள ஆய்வாளரிடம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது குடும்பப் பட்டியலின்படி வருவது, வள்ளத்தின் பெயரில் அல்ல. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் வரும் குழு விபத்துக் காப்பீடு உயிருக்கும் உடலுக்கும் மட்டுமே (விபத்து மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய்). அது வள்ளத்துக்கோ எஞ்சினுக்கோ ஒரு ரூபாய்கூடத் தராது. வள்ளத்துக்குத் தனிப் பாலிசி இருந்தால், கரையில் ஏற்றி வைத்திருக்கும் காலத்துக்கும் அது செல்லுமா, கடல் ஏறி அடித்தால் செல்லுமா, எஞ்சின் திருட்டு சேருமா என்ற மூன்று கேள்விகளையும் முகவரிடம் கேளுங்கள். வாய்ப் பதிலை ஏற்காமல், பாலிசியில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள். ஏற்றிய அன்றே வள்ளத்தை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எஞ்சின் எண்ணும் ஒரு படத்தில் தெரிய வேண்டும்.

3. இடம்: இன்றைய கரையைப் பார்க்காதீர்கள்

சித்திரையில் கரை அகலமாக இருக்கும். நாற்பது அடி மணல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனி, ஆடியில் அலை அந்த மணலை அள்ளிக்கொண்டு போகும். புரட்டாசிக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். ஆகவே ஆடியில் கரை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு வள்ளத்தை வைக்க வேண்டும்.

அதற்கு எளிய அடையாளம் அடம்புக் கொடி. ஊதா நிறப் பூவோடு மணலில் படர்ந்திருக்குமே, அது கடல் அடிக்கடி ஏறும் இடத்தில் நிலைக்காது. பழைய, தண்டு தடித்த கொடி எங்கே தொடங்குகிறதோ அதற்கும் மேலே இடம் பாருங்கள். நுனி இளங்கொடி கடல் பக்கம் நீண்டிருப்பதை நம்பாதீர்கள். அது இந்த வருடம் படர்ந்தது. கொடி இல்லாத கரையில், போன ஆடியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தக் கரையில் உட்கார்ந்து வலை பின்னும் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கல்லைக் காட்டியே சொல்வார்கள்.

தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கட்டிய ஊர்களில் கவனம் கூடுதலாக வேண்டும். வளைவின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். அரிக்கும் பக்கத்தில் வள்ளம் வைக்க வேண்டாம். அலைத் தடுப்புச் சுவர் இருந்தால் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். பெரிய அலை சுவரைத் தாண்டி விழும்போது கல்லையும் தூக்கி எறியும். பத்து மீட்டராவது உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

நிழல் வேண்டுமென்று தென்னைக்கு அடியில் வைப்பதுதான் இங்கே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கச்சான் காற்றில் ஒரு தேங்காய் விழுந்தால் ஃபைபரில் நட்சத்திரம்போல விரிசல் விழும். மேலே பெயின்ட் சரியாகத் தெரியும்; உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். வேறு இடமே இல்லையென்றால் காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட்டு வையுங்கள்.

மணக்குடி காயல், இரையுமன்துறை போன்ற, ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களுக்குள் தண்ணீரிலேயே கட்டிப்போடுபவர்களும் உண்டு. ஜூனில் ஆற்றில் வெள்ளம் வரும்போது ஆகாயத்தாமரையும் மரக்கட்டையும் சேர்ந்து இழுக்கும். தினமும் போய்ப் பார்க்க ஆள் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

கரையில் இடம் ஒதுக்குவது பெரும்பாலும் தேவாலயத்தின் பங்குப்பேரவையோ ஊர்க்கமிட்டியோதான். நீங்கள் ஊருக்குப் புதியவர் என்றால் ஏற்றுவதற்கு முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். கரைமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கும் பாதையை மறித்து வைத்தால் நடுராத்திரியில் நகர்த்தச் சொல்வார்கள்.

4. எஞ்சின்: கடைசி ஓட்டத்தன்றே தொடங்குங்கள்

இந்தப் பகுதியைத்தான் மிகப் பொறுமையாகச் செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பின்னால் சரிசெய்யலாம். உப்பு படிந்து இறுகிப்போன பிஸ்டனைச் சரிசெய்ய முடியாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால், கரைக்கு வரும்போது கடைசிப் பத்து நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கார்புரேட்டரிலும் குழாயிலும் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால், இரண்டு மாதத்தில் சிறு துளைகளில் பிசின்போலப் படிந்துவிடும். பிறகு கயிறு இழுத்து இழுத்துத் தோள் போவதுதான் மிச்சம்.

அன்றே நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவ வேண்டும். 200 லிட்டர் இரும்புப் பீப்பாயின் மேல்மூடியை வெட்டி எடுத்து, சுவரில் பலகை அடித்து எஞ்சினை அதில் மாட்டி, அதன் கால்பகுதி (விசிறி, அதாவது புரொப்பெல்லர், இருக்கும் கீழ்ப்பாகம்) பீப்பாய்க்குள் இறங்கும்படி வையுங்கள். விசிறியைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கியர் தவறி விழுந்தால் தண்ணீரெல்லாம் வெளியே போய்விடும். விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, தண்ணீர் அதற்கு மேல் குறைந்தது நான்கு விரல் நிற்க வேண்டும். நியூட்ரலில், குறைந்த வேகத்தில் 15 நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது போதாது. எஞ்சின் நன்கு சூடான பிறகுதான் தெர்மோஸ்டாட் திறந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளில் தண்ணீர் முழுதாகப் பாயும். அங்கேதான் உப்பு இருக்கிறது. பிறகு நிறுத்தி, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிறைத்து இன்னொரு 5 நிமிடம். முதல் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தாலே இரண்டாவது எதற்கு என்று புரியும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரின் வழவழப்பில்தான் சுற்றுகிறது. காய்ந்து சுற்றினால் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு உள்ளே போய் வழியை அடைக்கும்.

ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் கம்பிபோலப் பீய்ச்ச வேண்டும். ஒழுகினால் முதலில் துளையில் தடித்த தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) ஒன்றை விட்டுக் குத்திப் பாருங்கள். மணலும் உப்பும் அடைத்திருக்கலாம். அப்படியும் சரியாகாவிட்டால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. மணல் கரையில் இறக்கி ஏற்றும் எஞ்சினுக்கு ஒவ்வொரு வருடமும் இம்பெல்லர் மாற்றுவதே நல்லது.

அடுத்தது எரிபொருள். எஞ்சினை நிறுத்தியபின் கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, மிச்சமுள்ள பெட்ரோலைச் சிறு டப்பாவில் வடியுங்கள். டாங்கையும் குழாயையும் காலி செய்யுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் இரண்டு மாதம் இருந்தால் தண்ணீர் தனியே பிரிந்து அடியில் நிற்கும். ஆயில் கலந்த பெட்ரோலை பைக்கில் ஊற்ற வேண்டாம். இன்னும் கடலுக்குப் போகும் ஒருவருக்கு அன்றே கொடுத்துவிடுங்கள்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, டூ-ஸ்ட்ரோக் ஆயில் விடுங்கள். ஸ்டார்டர் கயிற்றை மெதுவாக ஐந்தாறு முறை இழுங்கள். ஆயில் சுவரெங்கும் பரவும். பிளக்கைக் கையால் திருகி, பிறகு சாவியால் இறுக்குங்கள். முதலிலேயே சாவி போட்டால் அலுமினிய மரை கெட்டுவிடும்.

கியர் ஆயிலை இப்போதே மாற்றுங்கள், வள்ளம் இறக்கும்போது பார்க்கலாம் என்று விடாதீர்கள். கீழ்த் திருகு, மேல் திருகு இரண்டையும் திறந்து வடியவிடுங்கள். வருவது கறுப்பாக இருந்தால் வழக்கம். மோர்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்தத் தண்ணீரோடு இரண்டு மாதம் வைத்தால் பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும். வெளுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் விசிறித் தண்டின் சீல். விசிறிக்குப் பின்னால் சுற்றிய தங்கூசி அந்தச் சீலை அறுத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, குறடால் ஒவ்வொரு நூலாக எடுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக அழுத்தி, மேல் துளையில் காற்றுக்குமிழி இல்லாமல் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நிற்கும். மேல் திருகை முதலில் மூடிவிட்டுத்தான் கீழ்த் திருகுக்குப் போக வேண்டும். இரண்டு திருகுக்கும் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷர்தான் அடுத்த வருடத்து மோர். 9.9 எச்.பி. எஞ்சினுக்கு அரை லிட்டர் 90 கிரேடு கியர் ஆயில் வாங்கினால் மீதியே இருக்கும்.

கால்பகுதியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது, அலுமினியம் அரிக்கத் தொடங்கும். விசிறித் தண்டிலும் கிரீஸ் நிப்பிள்களிலும் தண்ணீரில் கரையாத கடல் கிரீஸ் போடுங்கள். மேல்மூடியைத் திறந்து ஹோஸ் தண்ணீர் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, டபிள்யூடி-40 போன்ற தெளிப்பானை மெலிதாக அடித்தால் போதும்.

எஞ்சினை வீட்டுக்குள் மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டி வையுங்கள். 40 கிலோ அளவு எடை. இரண்டு பேர் தூக்குங்கள். படுக்க வைத்தால் கால்பகுதியில் மிச்சமிருக்கும் தண்ணீர் சிலிண்டர் பக்கம் ஓடும். பிளாஸ்டிக் உறையால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்தி வேட்டி போதும். தண்ணீர்த் துளைகளிலும் புகைவழியிலும் குளவி மண்கூடு கட்டும். மெல்லிய கொசுவலைத் துணியால் கட்டி, துணி கட்டியிருப்பதை மூடிமேலே எழுதி ஒட்டுங்கள். அடுப்பு உள்ள அறையில் வைக்க வேண்டாம்.

5. ஏற்றும் நாள்

வலை, ஐஸ்பெட்டி, நங்கூரம், கயிறு, கேன், பேட்டரி எல்லாம் இறங்கிய பிறகே வள்ளத்தை இழுங்கள். கயிற்றை முன்வளையத்தில் மட்டும் கட்டி டிராக்டரால் இழுத்தால் வளையம் ஃபைபரைப் பிய்த்துக்கொண்டு வரும். கயிறு வள்ளத்தின் வயிற்றைச் சுற்றி வர வேண்டும். விளிம்பில் உராயும் இடங்களில் பழைய டயர்த் துண்டு வையுங்கள். அடியில் உருட்டுக்கட்டை கொடுக்காமல் மணலில் தேய்த்து இழுத்தால் அடிக்கட்டை (வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு) தேய்ந்து ஃபைபர் இழை வெளியே தெரியும். ஆள் வைத்து இழுப்பவர்கள் ஆளுக்கு ஆள் உதவிக்கொள்வதுதான் கரையின் வழக்கம். அவர்கள் வள்ளம் ஏறும் நாளில் நீங்களும் நிற்க வேண்டும்.

ஏறிய அன்றே, ஈரம் காய்வதற்குள், அடியில் ஒட்டிய சிப்பியை மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுங்கள். மறுநாள் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். உளி, அரிவாள் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். ஆசிட் ஊற்றினால் மேல்பூச்சின் பளபளப்பு போய் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும்.

6. நிறுத்துவதும் மழைத்தண்ணீரும்

முன்பக்கம் கடலைப் பார்த்து நிற்கட்டும். கரைக்கு இணையாக நிறுத்தினால் ஏறிவரும் அலை பக்கவாட்டில் அடித்துப் புரட்டிவிடும். அடிக்கட்டையின் கீழே மூன்று இடத்தில் தென்னந்தடி கொடுங்கள். இரண்டு மட்டும் கொடுத்தால் நடுவயிறு தொங்கும். இரண்டு மாதத்தில் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். முன்தடி கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் பின்பக்கம் ஓடும். இருபக்கமும் மணல் மூட்டை அடுக்குங்கள். கல்லைக் கொடுத்து நிறுத்தினால் எடை ஒரே புள்ளியில் விழுந்து அந்த இடம் வெடிக்கும்.

பின்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றி, வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்து வையுங்கள். கழற்ற மறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். வள்ளத்தின் திறந்த பரப்பு 12 சதுர மீட்டர் என்று வைத்தால், 5 சென்டிமீட்டர் மழைக்கு 600 லிட்டர், அதாவது 600 கிலோ. அது முழுவதும் தடிமேல் இறங்கும். கொசுவும் பெருகும். துளையில் இலை அடைக்காமல் ஒரு வலைத்துண்டு கட்டுங்கள்.

தார்ப்பாயை வள்ளத்தோடு ஒட்டி விரித்தால் நடுவில் குளம் கட்டும். நடுவே ஒரு மூங்கிலை நீளவாக்கில் கட்டி, அதன்மேல் கூரைபோல இருபுறமும் சரிய விடுங்கள். முன்னும் பின்னும் காற்றுப் போக வழி விடுங்கள். முடைந்த ஓலை கிடைத்தால் தார்ப்பாயைவிட அதுவே நல்லது, உள்ளே வெக்கை சேராது. ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்தே வையுங்கள்.

வள்ளத்தை உறுதியான மரத்திலோ ஆழமாகப் புதைத்த கட்டையிலோ இரண்டு கயிற்றால் கட்டுங்கள். கடல் ஏறினால் வெறும் வள்ளம் மிதந்துவிடும்.

7. ஃபைபர் ஒட்டு வேலை

அவசரப்பட்டு மறுநாளே ஒட்டாதீர்கள். முதலில் ஒரு வாரம் காய வேண்டும். ஒட்டும் இடத்தில் ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட்டு, காலையில் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தின்மேல் ஒட்டியது அடுத்த சீசனில் தோல்போல உரியும். இதற்காகவும்தான் மே மாதமே ஏற்றச் சொல்கிறோம். ஜூன் மழையில் காயாது.

ஒரு ரூபாய் நாணயத்தால் அடிக்கட்டை நெடுக, எஞ்சின் மாட்டும் பலகை, குறுக்குச்சட்டம் சேரும் இடங்களில் தட்டிக்கொண்டே போங்கள். டிங் என்று கேட்டால் நல்லது. டொப் என்று கேட்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

விரிசலின்மேல் வெறுமனே பூசினால் நிற்காது. 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு, விரிசலின் இருபுறமும் 6 சென்டிமீட்டர் சரிவாகக் கிரைண்டரால் தேய்க்க வேண்டும். 450 கிராம் ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) மூன்று அடுக்கு; முதலில் சின்னத் துண்டு, மேலே பெரியது. ஒரு சதுர மீட்டர் மேட்டுக்கு ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் (ஒட்டும் பிசின்). அப்படியானால் ஒரு அடிச் சதுர ஒட்டுக்கு மூன்று அடுக்கும் சேர்த்து 300 கிராம் அளவு போதும். கிலோ கணக்கில் வாங்கச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

ரெசின் ஒரு கிலோவுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 கிராம். வெயில் நாளில் 10 கிராமே போதும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முதலில் நன்றாகக் கலக்கியபின்தான் ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

8. வலை, பேட்டரி, மற்றவை

வலையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, தரையில் படாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தால் நைலான் வலுவிழக்கும். ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் எலி வரும். எலி வந்தால் ஒரு கண்ணி இரண்டு கண்ணியோடு நிற்காது.

பேட்டரியைச் சுத்தம் செய்து, முழுதாக சார்ஜ் ஏற்றி, பலகைமேல் வையுங்கள். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மறுபடி சார்ஜ். வயர்லெஸ், ஜிபிஎஸ் இரண்டும் வீட்டுக்கு வரட்டும். உயிர்காப்பு உடுப்பை அலசி நிழலில் உலர்த்துங்கள்.

9. செலவு

எஞ்சினுக்கு வேண்டியவை: கியர் ஆயில் அரை லிட்டர், டூ-ஸ்ட்ரோக் ஆயில் 100 மில்லி, கடல் கிரீஸ் கால் கிலோ, பிளக் இரண்டு, வாஷர் இரண்டு, இம்பெல்லர் ஒன்று, நல்ல தண்ணீர் 400 லிட்டர். இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கியர் செட்டின் விலைக்குக் கிட்டே வராது. பெரிய செலவு ஏற்றுகூலியும் ஃபைபர் வேலையும்தான். டிராக்டர்காரரிடம் ஏற்ற, இறக்க இரண்டுக்கும் சேர்த்தே மே மாதத்தில் பேசிவிடுங்கள். ஆகஸ்டில் தனியாகக் கேட்டால் அவர் சொன்னதுதான் கூலி. ஃபைபர் வேலைக்கு நாள்கூலியாகப் பேசாமல், சாக்பீஸ் வட்டங்களைக் காட்டி, ஒட்டுக்கு இவ்வளவு, பொருள் யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

10. இடையிலும், இறக்குவதற்கு முன்பும்

வாரம் ஒருமுறை, கனமழைக்கு மறுநாள் கட்டாயம், போய்ப் பாருங்கள். தடிக்கடியில் மணல் அரித்திருக்கிறதா, வடிதுளை திறந்திருக்கிறதா, கயிறு உராய்கிறதா. உயர் அலை எச்சரிக்கை வந்தால் அன்று மாலைக்குள் இன்னும் பத்தடி மேலே ஏற்றிவிடுங்கள். இருட்டில் அலைக்கு நடுவே வள்ளத்தைக் காப்பாற்றப் போக வேண்டாம். வள்ளம் போனால் வாங்கலாம்.

ஆகஸ்டில் இறக்குவதற்கு மூன்று நாள் முன்பு எஞ்சினை மறுபடி பீப்பாயில் மாட்டி, கொசுவலைத் துணியை அவிழ்த்து, புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். உள்ளே விட்ட ஆயில் எரியும்வரை வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். பிளக் நனைந்து நின்றால் துடைத்துப் போட்டு மறுபடி இழுங்கள். பீய்ச்சும் தண்ணீர் கம்பியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு விசிறியை மாட்டுங்கள். வள்ளத்தை உருட்டுக்கட்டையில் ஏற்றுவதற்கு முன், சாவிக்கொத்திலிருந்து அடைப்பானை எடுத்து மாட்டியாயிற்றா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள்.